ஊர் சுற்றிய பத்து நாற்காலிகள்

அத்தியாயம் நான்கு

மஹ்பூபா மாமி தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்துத்தான் முஹம்மது ஆரிப் ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு வந்தான். அவள் அழவில்லை. வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, எடுக்காத ஏதோ ஒரு நம்பருக்குத் திரும்பத் திரும்ப போன் போட்டுக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால் ஆரிப்புக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

கோரிமேட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் இருக்கிறது 'நிழல்' இல்லம். வெளியூரிலிருந்து பஸ் ஏறி வைத்தியத்துக்கு வருகிறவர்கள் வாடகை இல்லாமல் தங்கிக்கொள்ளும் இடம். நடத்துகிறவள் மஹ்பூபா, ஆரிப்பின் அத்தாவுக்கு அக்கா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அரசாங்கம் இல்லத்துக்கு மானியம் கொடுத்தது. அந்தப் பணத்தில் பத்து சக்கர நாற்காலிகள் வந்து இறங்கின.

அரசாங்க மானியம் என்பது மாமனார் போட்ட மோதிரம் மாதிரி. விரலில் மாட்டியதோடு முடிவதில்லை. வருஷா வருஷம் வீட்டுக்கு வந்து விரலைக் காட்டச் சொல்வார்கள். விற்றாயா, அடகு வைத்தாயா, யாருக்காவது இரவல் கொடுத்தாயா என்று கேள்வி வரும். மோதிரம் விரலில் இருக்கவேண்டும். அவ்வளவுதான் ஆடிட்.

இன்று காலை ஆய்வு அதிகாரி கோபிநாத் வந்து விரலைக் காட்டச் சொன்னார். நாற்காலிக் கொட்டகையைத் திறந்தார்கள். மோதிரம் இல்லை.

"பில்லியன்ல ஒரு உயிர் உக்காந்திருக்குன்னு ஞாபகம் இருந்துச்சா?" என்றபடி அமுதவல்லி ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து இறங்கினார். சாரம் பகுதியில் மாவு மில்லுக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவர். அதற்கு முன்னால் இன்ஷூரன்ஸ் கம்பெனியில், எரிந்த கடைகளையும் எரிந்ததாகச் சொல்லப்பட்ட கடைகளையும் பிரித்துப் பார்த்தே தலை நரைத்தவர். ஆரிப் அவருடைய உதவியாளன். சம்பளம் குறைவு, பேச்சு அதிகம் என்பது அவனைப் பற்றி அவர் தரும் சான்றிதழ்.

"வேகத்தடையில உங்க சத்தம் கேட்டுச்சு மேடம். உயிர் இருக்குன்னு நினைச்சுக்கிட்டேன்."

கோபிநாத் கிளம்புவதற்காகக் கைப்பையை மூடிக்கொண்டிருந்தார். வந்ததிலிருந்து டீ கூட வேண்டாம் என்று சொல்லிவிட்ட மனிதர். டீயை மறுக்கிறவரிடம் பேரம் படியாது. நேரு வீதியில் ஜவுளிக்கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வளர்ந்த ஆரிப்புக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஒரு நாள் டைம் குடுங்க சார்," என்றார் அமுதவல்லி.

"சாயங்காலம் ஆபீஸ் மூடறதுக்குள்ள ரிப்போர்ட்டை ஒப்படைக்கணும் மேடம். அதுக்குள்ள பத்து வீல்சேரும் என் கண்ணுல பட்டா 'உள்ளது'ன்னு எழுதுவேன். படலைன்னா 'இல்லை'. ஃபார்ம்ல மூணாவது கட்டம் கிடையாது."

"இல்லைன்னு எழுதினா?"

"அடுத்த தவணை நிக்கும். இதுவரைக்கும் குடுத்ததை வட்டியோட திருப்பிக் கேப்பாங்க. கையாடல்னு போலீசுக்குப் போகும். ட்ரஸ்ட்டை கறுப்புப் பட்டியல்ல போடுவாங்க." பஸ் கண்டக்டர் ஸ்டாப்பிங் பெயர் சொல்வது போல, கோபமும் இல்லாமல் வருத்தமும் இல்லாமல் சொன்னார். "திருட்டுன்னா போலீஸ்ல எழுதிக் குடுங்கன்னு காலைலேயே அம்மாகிட்ட சொன்னேன். குடுக்கல. நான் இன்னொரு இடம் பார்க்கணும். அதை முடிச்சிட்டு நேரா ஆபீஸ்தான்."

ஜீப் வடக்குப் பக்கம் திரும்பிப் போனது.

உள்ளேயிருந்து செல்வாம்பாள் வந்தாள். திண்டிவனம் பக்கத்துக்காரி. அவள் புருஷனுக்கு இங்கே டயாலிசிஸ் நடக்கிறது. கையில் துணிப்பை. யாரும் சொல்வதற்கு முன்பே மூட்டை கட்டிவிட்டாள்.

"தம்பி, எங்கள இன்னிக்கே போவச் சொல்லுவாங்களா? நாளிக்கு அவருக்கு ரத்தம் சுத்தம் பண்ணணும். பஸ்ல போயிட்டு வந்தா ஆளு தாங்க மாட்டாரு."

"பையை உள்ள வைங்கக்கா," என்றான் ஆரிப்.

மாமி பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. "இவங்களுக்கு என்னடா பதில் சொல்லப்போறேன்?" என்றாள். "இந்த இல்லத்தைச் சாத்திட்டா நான் யாருடா?"

அமுதவல்லி கொட்டகைக்குள் போனார். பத்து நாற்காலிகள் நின்ற இடத்தில் சிமெண்டுத் தரைதான் பளபளத்தது. மூலையில் பதினோராவது நாற்காலி ஒன்று மட்டும் நின்றது. பாரிஸிலிருந்து மாமியின் தம்பி, ஆரிப்பின் சாச்சா அன்வருதீன், அக்காவின் முழங்கால் வலிக்காக அனுப்பியது. எடை தெரியாத அலுமினியம், தோல் சீட்டு. மாமி அதில் ஒரு நாள்கூட உட்காரவில்லை. தான் நடக்கும்போது வீல்சேரில் போவது ஆண்டவனுக்கு அடுக்காது என்பாள்.

காவலுக்கும் எடுபிடிக்கும் இருக்கும் கலியமூர்த்தி வாசலிலேயே நின்றார்.

"யாரு எடுத்துக்கிட்டுப் போனது?" என்றார் அமுதவல்லி.

"நேத்து சாயங்காலம் ஒரு குட்டியானை வண்டி வந்துச்சும்மா. சர்வீசுக்குன்னாங்க. ரெண்டு பேர். ஏத்திக்கினு போயிட்டாங்க."

"எந்தக் கம்பெனி, என்ன பேருன்னு கேட்டீங்களா?"

கலியமூர்த்தி மாமியைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். "கேக்கலம்மா."

"எப்படி மடக்கினாங்க?"

"எத்த?"

"வீல்சேரை. மொத தடவை மடக்கறவன் அதோட மல்லுக்கட்டுவான். இழுப்பான், உதைப்பான்."

"அதெல்லாம் இல்லம்மா. சீட்டு நடுவுல கைய வுட்டு ஒரே தூக்கு. சட்டுனு மடங்கிக்கிச்சு."

"பழைய இரும்புக்காரன் இல்ல," என்றார் அமுதவல்லி. "வீல்சேரோட குடித்தனம் நடத்தறவன்."

ஆரிப் பாரிஸ் நாற்காலியைச் சுற்றி வந்தான். "மேடம், திருடன் கடைக்குள்ள பூந்து பட்டுப்புடவையை விட்டுட்டு பருத்தியை மட்டும் எண்ணி எடுத்துக்கிட்டுப் போனா, அவனுக்குப் பேரு திருடன் இல்ல. அவன் ஆர்டரோட வந்த ஆளு. இதை வித்தா அந்தப் பத்தையும் வாங்கலாம். இதைத் தொடவே இல்ல பாருங்க."

"அரசாங்க மாடல் பத்துதான் வேணும். பதினொண்ணு வேண்டாம். அது யாருக்கு வேணும்?"

"அதே மானியத்தை வாங்கினவனுக்கு. அதே ஆடிட்டை எதிர்பார்க்கறவனுக்கு."

"சம்பளம் கொஞ்சம் ஏத்தலாம் போலிருக்கே," என்றவர் சுவரோரத்துப் பெஞ்சைப் பார்த்து நின்றார். பத்து நாற்காலிகளின் மெத்தைகளும் அங்கே இருந்தன. ஒவ்வொன்றிலும் பச்சை நூலில் 'நிழல்' என்று பூவேலை. விளிம்போடு விளிம்பு சேர்த்து, ஜவுளிக்கடையில் புடவை அடுக்குவது போல அடுக்கி வைத்திருந்தது. "பேரு போட்ட மெத்தையை விட்டுட்டுப் போயிருக்கான். பேரு இல்லாத நாற்காலிதான் அவனுக்குத் தேவை."

அலுவலக அறைச் சுவரில் ஒரு போட்டோ தொங்கியது. மானியம் வழங்கிய அன்று எடுத்தது. மேடையில் மாமி, பக்கத்தில் வெள்ளைச் சட்டையும் சிரிப்புமாக ஒருவர்.

"இவர் யாரும்மா?"

பின்னாலேயே வந்த மாமி போட்டோவைப் பார்க்காமலேயே சொன்னாள். "இளஞ்செழியன். நடக்க முடியாதவங்களுக்குப் பிள்ளைச்சாவடியில ஹோம் நடத்துறாரு. நல்ல மனுஷன். அவரை எதுக்கு இதுல இழுக்கறீங்க?"

"அவருக்கும் பத்து வீல்சேரா?"

"அதே திட்டம்தான்." மாமி தஸ்பீஹ் மணிகளை வேகமாக உருட்டினாள். "தம்பி ஆரிபு, வேணாம்டா. விட்டுடு. அல்லா பாத்துக்குவான்."

"அல்லா பாத்துக்குவான் மாமி. கோபிநாத் பாக்க மாட்டார்," என்றான் ஆரிப். ஸ்கூட்டர் சாவியை எடுத்தான்.

*

லாஸ்பேட்டை வழியாக ஈசிஆரைப் பிடித்தார்கள். மொட்டை வெயிலில் ஸ்கூட்டர் முனகியது.

"மாமி ஏன் போலீசுக்குப் போகல?" என்று பின்னாலிருந்து கேட்டார் அமுதவல்லி.

"பயம் மேடம்."

"உங்க மாமி ஆஸ்பத்திரி டீனையே வாசல்ல நிக்க வச்சுப் பேசினவங்க. போலீசுக்கா பயப்படுவாங்க?"

ஆரிப் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினான். எதிர்காற்று சௌகரியமாக இருந்தது.

பிள்ளைச்சாவடிக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு வேப்பமர நிழலில் கோபிநாத்தின் ஜீப் நின்றது. மனிதர் முன்சீட்டில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார்.

"லஞ்சம் வாங்காத மனுஷனுக்கு ஒரே பலவீனம் தயிர்சாதம்," என்றான் ஆரிப். "அது தீர்றதுக்குள்ள நாம போயிடணும்."

ஹோம், சாலைக்குக் கடல் பக்கம் இருந்தது. வாசலில் வலை காயப்போட்டிருந்தார்கள். உள்ளே தார்ப்பாய்க்கு அடியில் ஒரு கார். தார்ப்பாய் மூடாத இடத்தில் தெரிந்த பெயிண்டைப் பார்த்தால், கார் ஷோரூமை விட்டு வந்து அதிக நாள் ஆகவில்லை.

இளஞ்செழியன் ஓடி வந்தார். வருகிறவர் கோபிநாத் என்று நினைத்து வைத்த சிரிப்பு, ஸ்கூட்டரைப் பார்த்ததும் பாதியில் நின்றது.

"நேரு வீதியில ஜவுளிக்கடைங்க," என்றான் ஆரிப். சொன்னதில் பொய் இல்லை; கடை இப்போது இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. "அத்தா பேர்ல ஒரு பத்து வீல்சேர் தானம் குடுக்கலாம்னு."

நின்றுபோன சிரிப்பு மறுபடி புறப்பட்டது. "ரொம்ப சந்தோஷம் சார். எப்ப குடுப்பீங்க?"

"உங்ககிட்ட ஏற்கனவே பத்து இருக்குன்னு கேள்விப்பட்டேன்."

"இருந்தா என்ன சார், சேவைக்கு அளவு உண்டா? இன்னைக்கே கிடைக்குமா? ரசீது உடனே போட்டுத் தர்றேன்."

ஆரிப் அமுதவல்லி பக்கம் லேசாகத் திரும்பினான். பத்து இருப்பவன் பதினோராவதை எப்போதாவது கேட்பான். ஒன்றும் இல்லாதவன்தான் இன்றைக்கே கேட்பான். கல்லாவில் உட்கார்ந்தவனுக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். ஆனால் கோபிநாத் கல்லாவில் உட்கார்ந்தவர் இல்லை.

கூடத்தில் பத்து சக்கர நாற்காலிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒருவர், குளித்துத் தலைசீவிப் பவுடர் போட்டு. முதுகுப்புறக் கம்பியில் ஹோமின் பெயர் பெயிண்டில் எழுதியிருந்தது. ஆரிப் விரலை வைத்தான். ஒட்டியது.

"இன்னும் காயல போலிருக்கே."

"ஆய்வுக்காக மறுபடி எழுதினோம் சார். பழசு மங்கிப்போச்சு."

"கடல் காத்துல ரெண்டு வருஷம் நின்ன கம்பியில துரு இல்லையே," என்றார் அமுதவல்லி.

"தினமும் எண்ணெய் போட்டுத் துடைக்கிறோம் மேடம்."

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. தயிர்சாதம் தீர்ந்துவிட்டது.

அமுதவல்லி அவசரப்படவில்லை. முதல் நாற்காலியில் இருந்த பெண்ணின் முன்னால் குனிந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். தோள்கள் நல்ல அகலம்.

"உன் பேரு என்னம்மா?"

"அபி."

"இது உன் வீல்சேரா?"

அபி இளஞ்செழியனைப் பார்த்தாள். "ஆமாம்."

"கொஞ்சம் வாசல் வரைக்கும் வர்றியா? கடலைப் பாக்கலாம்."

அபி நகரவில்லை. மடியில் இருந்த கைகள் மடியிலேயே இருந்தன. யாராவது பின்னால் வந்து தள்ளுவார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

கோபிநாத் கூடத்துக்குள் வந்து, வரிசையைப் பார்த்து, பேனாவைத் திறந்தார். பிறகுதான் அமுதவல்லியைப் பார்த்தார். "நீங்க இங்க எப்படி?"

"உங்க மூணாவது கட்டத்தைத் தேடி வந்தேன் சார். ஒரே ஒரு விஷயம் பாருங்க. சக்கரத்துக்கு வெளிப்பக்கம் ஒரு வளையம் இருக்குதே, அது எதுக்கு?"

"உக்காந்திருக்கறவங்க தானே உருட்டிக்கறதுக்கு."

"இது காலம் முழுக்க வீல்சேர்ல வாழறவங்க ஹோம். தானா உருட்டித்தான் போவாங்க, வருவாங்க. ரெண்டு வருஷம் உருட்டினா வளையத்துல பெயிண்ட் இருக்குமா?"

கோபிநாத் குனிந்தார். பத்து நாற்காலிகளிலும் வளையங்கள் கடையில் வாங்கிய அன்று போலவே கறுப்பாக மின்னின.

"இப்ப பின்னாடி வந்து தள்ளுற கைப்பிடியைப் பாருங்க."

கைப்பிடி ரப்பர் பத்திலும் தேய்ந்து, வெடித்து, சிலதில் கம்பியே தெரிந்தது. ஒன்றில் பழைய துணி சுற்றியிருந்தது.

"உக்காந்தவங்க ஒரு நாள்கூட வளையத்தைத் தொடல. பின்னாடி நின்னவங்கதான் தள்ளித் தள்ளித் தேய்ச்சிருக்காங்க. உக்காந்தவங்களுக்குக் கையைத் தூக்கவும் தெம்பு இல்ல. அப்படிப்பட்டவங்க எங்க இருப்பாங்க? ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல இருப்பாங்க. கோரிமேட்டுல இருப்பாங்க."

ஆரிப்புக்கு விசிலடிக்க வேண்டும் போலிருந்தது. மாமி தப்பித்தாள். செல்வாம்பாள் பையைப் பிரிக்கலாம்.

கோபிநாத் நிமிர்ந்தார். "இளஞ்செழியன், இதெல்லாம் திருட்டுச் சரக்கா?"

இளஞ்செழியனின் முகத்தில் இருந்த எண்ணெய்ப்பசை காய்ந்துவிட்டது. ஆனால் ஓடவில்லை, காலில் விழவில்லை. கோபிநாத்தை நேராகப் பார்த்தார்.

"நான் திருடல சார். கேட்டு வாங்கினேன். கோரிமேட்டு அம்மாவே குடுத்தாங்க. வேணும்னா கேட்டுப் பாருங்க."

"பொய்," என்று ஆரிப் ஒரு எட்டு முன்னால் வைத்தான். வைத்த கால் அங்கேயே நின்றது.

மெத்தைகள். விளிம்போடு விளிம்பு சேர்த்து, புடவை அடுக்குவது போல.

நேரு வீதியில், கேட்ட சரக்கு கடையில் இல்லையென்றால் இல்லை என்று சொல்லும் பழக்கம் கிடையாது. "குடோன்ல இருக்கு, உக்காருங்க," என்று வாடிக்கையாளருக்கு ஒரு சோடா வரும். பின்வாசல் வழியாக ஆள் அடுத்த கடைக்கு ஓடும். அடுத்த கடைக்காரர் முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுப்பார். கொடுப்பதற்கு முன்னால் தன் கடை லேபிளைப் பிய்த்துவிடுவார். அது மரியாதை. அது யார் கடைச் சரக்கு என்று வாடிக்கையாளருக்கு முன்னால் உயிர் போனாலும் வாய் திறக்கமாட்டார். அதுவும் மரியாதை. அந்தத் தெருவில்தான் மாமியும் பிறந்தாள்.

லேபிளைப் பிய்க்கிறவன் வாங்குகிறவன் இல்லை. கொடுக்கிறவன்.

ஆரிப் கூடத்தின் ஓரத்துக்குப் போய் போனை எடுத்தான். முதல் மணியிலேயே மாமி எடுத்தாள்.

"மாமி, மெத்தையெல்லாம் கழட்டி அடுக்கினது நீங்கதானே?"

"பேரு தெரிஞ்சா அவருக்குத்தானேப்பா சங்கடம்," என்றாள் மாமி. "அவர் கடைக்கு ஆபீசர்னு ஒரு கஸ்டமர் வர்ற நாளு. அவர் வீல்சேரெல்லாம் உப்புக் காத்துல துருப்புடிச்சு ஒர்க்‌ஷாப்புல கிடக்குதுன்னாரு. காட்டிட்டு அனுப்பிடறேன்னாரு. போன வருஷமும் குடுத்தேன். காலைல அங்க பாத்துட்டு ஆபீசர் இங்க வர்றதுக்குள்ள எல்லாம் திரும்பி வந்துடுச்சு. இந்த வருஷம் புது ஆபீசர். முதல்ல என் வாசலுக்கு வந்துட்டாரு. இளஞ்செழியன் போனையே எடுக்கல."

"காலைலேருந்து ஏன் மாமி சொல்லல?"

"குடுத்துட்டு ஊருக்குச் சொல்லிக்காட்டறதா? உங்க அத்தா அப்படியாடா வியாபாரம் பண்ணாரு?"

கோபிநாத் பேனாவோடு காத்திருந்தார். "என்ன சொல்றாங்க? திருட்டுங்கறாங்களா?"

ஒரே ஒரு 'ஆமாம்' போதும். அனுமதி இல்லாமல் இரவல் கொடுத்த குற்றம் மாமி தலையில் ஏறாது. ஏற்கனவே அசிங்கப்பட்டு நிற்கிற இளஞ்செழியன் தலையிலேயே எல்லாம் போகும். ஆரிப்புக்கு நாக்கின் நுனியில் அந்தச் சொல் நின்றது. இனிப்பாகக்கூட இருந்தது.

அமுதவல்லி பக்கத்தில் வந்தார். அவருக்கு விஷயத்தைச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"திருட்டுன்னு சொன்னா இன்னைக்குத் தப்பிக்கலாம்," என்றார் தாழ்ந்த குரலில். "நாளைக்கு ஸ்டேஷன்ல, காலைலேயே ஏன் கம்ப்ளெயிண்ட் குடுக்கலன்னு கேப்பாங்க. கலியமூர்த்தி ஒரு டீ குடிக்கற நேரத்துல கொட்டிடுவாரு. எரிஞ்ச கடைக்கு க்ளெய்ம் உண்டு ஆரிப். எரியாததையும் சேர்த்து எரிஞ்சதுன்னு எழுதினா, எரிஞ்சதுக்கும் கிடையாது."

ஆரிப் போனைக் காதில் வைத்தான்.

"மாமி, நீங்க ஆளைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க. கோபிநாத் கஸ்டமர் இல்ல. சரக்குக்குச் சொந்தக்காரங்க அனுப்பின ஆளு. கஸ்டமர்கிட்ட மறைக்கலாம், அது மரியாதை. சொந்தக்காரர்கிட்ட மறைச்சா அதுக்கு நம்ம தெருவுல வேற பேரு."

மறுமுனையில் தஸ்பீஹ் மணி உருளும் சத்தம் நின்றது.

"குடு அவர்கிட்ட," என்றாள் மாமி.

கோபிநாத் போனை வாங்கி, நின்ற இடத்திலேயே கேட்டார். கடைசியில், "போன வருஷமுமா?" என்று ஒரு கேள்வி. போனைத் திருப்பித் தந்துவிட்டு ஃபார்மை எடுத்து, எழுதியதை அவரே வாசித்தார்.

"பத்தும் உள்ளது. முன் அனுமதி பெறாமல் இரண்டு முறை வேறு நிறுவனத்துக்கு இரவல் தரப்பட்டது. விளக்கம் கோரப்படுகிறது."

"மூணாவது கட்டம் இல்லன்னீங்களே சார்," என்றான் ஆரிப்.

"கட்டம் இல்ல. ஓரத்துல இடம் இருக்கு." கோபிநாத்தின் முகத்தில் எதுவும் மாறவில்லை. "போலீசுக்குப் போகாது. ஆனா விளக்கத்தை மேல ஒத்துக்கற வரைக்கும் அடுத்த தவணை நிக்கும். மாசக்கணக்கு ஆகலாம். ஒத்துக்காமலும் போகலாம்."

"அங்க இருக்கற நோயாளிங்க?"

"அவங்களை வெளியே அனுப்பச் சொல்லி என்கிட்ட உத்தரவு எதுவும் இல்ல."

அவ்வளவுதான் கிடைத்தது. நாளை அந்த இல்லத்தில் உலை கொதிக்க ஆரிப் நேரு வீதியில் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். ஆனால் செல்வாம்பாளின் புருஷன் இன்று ராத்திரி பஸ்ஸில் குலுங்க வேண்டியதில்லை.

கோபிநாத் புதுக் காகிதம் ஒன்றை எடுத்தார். "இப்ப உங்களுது. உங்க பத்து வீல்சேர் எங்க?"

"ஒர்க்‌ஷாப்ல..." என்றார் இளஞ்செழியன்.

"எந்த ஒர்க்‌ஷாப்? வண்டியில ஏறுங்க, போகலாம்."

இளஞ்செழியன் வாசலைப் பார்த்தார். தார்ப்பாய்க்கு அடியில் இருந்த காரை எல்லோரும் பார்த்தார்கள். "வாங்கணும்னுதான் சார் இருந்தேன்," என்றார்.

ஆரிப் போனிலேயே மாமியிடம் சொல்லி, கலியமூர்த்தியை அதே குட்டியானையை வரவழைக்கச் சொன்னான். ஹோமின் ஆட்கள் ஒவ்வொருவராகத் தூக்கி, சுவரோரத்து பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார வைத்தார்கள். பழகிய வேலை போல வேகமாக நடந்தது. அபியை அவர்கள் கடைசியாகத் தூக்கினார்கள்.

அவள் கோபிநாத்தைக் கூப்பிட்டாள். "சார், அடுத்த ஆடிட் எப்ப?"

"ஏம்மா?"

"ஆடிட் அன்னிக்குத்தான் இதுல உக்கார வைப்பாங்க. போன வருஷம் உக்காந்தேன். இன்னைக்கு உக்காந்தேன்."

இனி இரவல் இல்லை; எந்த வருஷமும் அவளை அதில் உட்கார வைக்க மாட்டார்கள். கோபிநாத் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

ஆரிப்பின் கையில் இருந்த போனில் மாமி இன்னும் இருந்தாள். அணைக்க மறந்திருந்தான்.

"ஆரிபு," என்றது போன். "வர்ற குட்டியானை சும்மாதானே வருது? அந்த பாரிஸ் வண்டியை ஏத்தி அனுப்பறேன்."

ஆரிப் கோபிநாத்தைப் பார்த்தான். "சார், பிரான்ஸ்லேருந்து தம்பி அக்காவுக்கு அனுப்பின ஒரு வீல்சேர். உங்க மானியம் இல்ல, ட்ரஸ்ட் சொத்தும் இல்ல. மாமியோட சொந்தம். அதைக் குடுத்தா?"

"அவங்க சொந்தப் பொருளை அவங்க யாருக்கு வேணா குடுக்கலாம். என்னை ஏன் கேக்கறீங்க?" என்றார் கோபிநாத். பிறகு ரொம்ப நேரம் கைப்பையில் எதையோ தேடினார்.

வெயில் தாழ்ந்த பிறகு குட்டியானை வந்தது. பத்து நாற்காலிகளும் ஏறின. ஒன்று இறங்கியது. சீட்டின் மேல் 'நிழல்' என்று பூவேலை போட்ட மெத்தை ஒன்று கட்டியிருந்தது. இந்தத் தடவை மாமி லேபிளைப் பிய்க்கவில்லை.

அபியைத் தூக்கி உட்கார வைத்தார்கள். ஆரிப் வழக்கப்படி பின்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்தான்.

"தள்ளாதீங்க," என்றாள் அபி.

கைகளை மடியிலிருந்து எடுத்து, இரண்டு பக்கத்து வளையங்களிலும் வைத்தாள். முதல் உருட்டலில் நாற்காலி கோணலாகப் போய்ச் சுவரில் இடித்தது. ஆரிப் ஓடினான். அமுதவல்லி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

இரண்டாவது உருட்டலில் அபி வாசலுக்கு வந்துவிட்டாள்.